பிமினி: ஒரு தூண்டில் தீவின் நூறாண்டு

பஹாமாஸ் நாட்டுத் தீவுகளில் அமெரிக்கக் கரைக்கு மிக அருகில் இருப்பது பிமினி. மயாமியிலிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் வந்துவிடும். வட பிமினி, தென் பிமினி என்ற இரண்டு தீவுகளுக்கும் அவற்றை ஒட்டிய சிறு திட்டுகளுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் இது. மக்கள் பெரும்பாலும் வாழும் வட பிமினி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளம். பல இடங்களில் அகலம் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஆறு இல்லை, விளைநிலம் இல்லை. கடக ரேகைக்குச் சற்று வடக்கே கிடந்தாலும், மேற்கே ஓடும் வெந்நீரோட்டத்தால் ஆண்டு முழுதும் வெப்பமண்டலத் தீவின் தட்பவெப்பமே இங்கு நிலவுகிறது.

இந்தச் சின்னஞ்சிறு தீவு 1930களில் உலகின் பணக்காரத் தூண்டில்காரர்கள் விடுமுறைக்குக் கூடும் இடமாயிற்று. பெருமீன்களைத் தூண்டிற்கோலால் பிடிக்கும் விளையாட்டின் கருவிகளும் விதிகளும் உருவானதில் பிமினிக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கான காரணம் கடலின் அடியில் இருக்கிறது. தீவின் மேற்குக் கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடலடி சரிந்து பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஆழத்தின் மேல் கல்ஃப் நீரோட்டம் வடக்கு நோக்கிப் பாய்கிறது. புளோரிடா நீரிணை வழியே அது சுமந்து செல்லும் நீர் விநாடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர். தீவின் கிழக்கிலோ கதை வேறு. அங்கே விரிந்து கிடக்கும் மாபெரும் பஹாமா திட்டு, பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லாத வெண்மணல் கடல். ஒரு பக்கம் மார்லினும் சூரையும் கடந்து போகும் ஆழ்கடல். மறுபக்கம் முழங்கால் அளவு நீரில் மேயும் மீன்கள். இரண்டையும் ஒரே படகுத்துறையிலிருந்து அடையலாம். பிமினியின் தூண்டில் வரலாறு இந்த இரு கடல்களுக்கும் இடையில் நடந்த வரலாறு.

விளையாட்டின் பிறப்பு

மீனைப் பிழைப்புக்காகப் பிடிப்பது மனிதனுக்குப் பழைய தொழில். ஆறுகளிலும் ஏரிகளிலும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடும் வழக்கமும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பழையது. ஆனால் கடலின் பெருமீன்களை விளையாட்டாகக் கோலும் நரம்பும் கொண்டு பிடிக்க முடியும் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. 1885இல் புளோரிடாவில் டபிள்யூ. எச். வுட் என்பவர் 93 பவுண்டு, அதாவது 42 கிலோ எடையுள்ள டார்ப்பன் மீனைக் கோலால் பிடித்தார். அந்தச் செய்தி பரவியதும் புளோரிடாவின் மேற்குக் கரைக்குக் குளிர்கால விருந்தினர்கள் வரத் தொடங்கினர்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் மறுகரையில் நடந்தது. கலிபோர்னியாவை ஒட்டிய சாண்டா கட்டலினா தீவில் 1898 ஜூன் மாதம் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அதே ஆண்டு அவர் தொடங்கிய அவலான் சூரை மன்றம், ஆழ்கடல் தூண்டில் விளையாட்டுக்கு முதன்முதலில் எழுத்து வடிவில் விதிகள் வகுத்தது. மீனைப் பிடிப்பவர் பிறர் உதவியின்றித் தானே போராட வேண்டும், கயிற்றின் வலிமைக்கு வரம்பு உண்டு என்ற கொள்கைகள் அங்கிருந்துதான் கிளம்பின.

அக்காலச் சுருளிகளில் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும். பெருமீன் ஓடினால் விரல் எலும்பு உடைவது சாதாரணம். 1913இல் வில்லியம் போஷன் புதிய வகைச் சுருளியைக் கொண்டு கட்டலினாவில் 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். கைப்பிடி அசையாமல் நிற்க, உள்ளே உள்ள தட்டுகளின் உராய்வு மட்டும் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு அது. அந்த இறுக்கத்தை நட்சத்திர வடிவத் திருகியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். மனித உடலின் வலிமைக்கு அப்பாற்பட்டவை என்று கருதப்பட்ட மீன்கள் இந்தத் திருகிக்குப் பிறகு எட்டும் தூரத்துக்கு வந்தன.

கிழக்குக் கரையில் வேலையைச் செய்தது ரயில். ஹென்றி ஃபிளாக்லரின் ரயில் பாதை புளோரிடாவின் தென்முனைத் தீவுகள் வழியே நீண்டு 1912இல் கீ வெஸ்ட்டை அடைந்தது. பாதை போட்ட தொழிலாளர்களின் முகாம் இருந்த லாங் கீ என்ற திட்டில் ரயில் நிறுவனமே ஒரு தூண்டில் விடுதியை நடத்தியது. மேற்கத்தியக் குதிரைவீரர் கதைகளால் புகழ்பெற்ற ஜேன் கிரே ஆண்டுதோறும் அங்கே வந்தார். அங்கிருந்த மன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். மீன்பிடி விடுமுறை என்பது ரயில் சீட்டு, அறை, படகு, கேப்டன் எல்லாம் அடங்கிய ஏற்பாடாக உருவானது இத்தகைய இடங்களில்தான். லாங் கீ விடுதி 1935 செப்டம்பர் 2 அன்று வீசிய பெரும்புயலில் அழிந்தது. அதற்குள் தூண்டில்காரர்களின் கண் நீரோட்டத்தின் மறுகரைக்குத் திரும்பியிருந்தது.

விருந்தினருக்கு முந்தைய பிமினி

பிமினிவாசிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குச் சோறு போட்டவை பாறையில் மோதி உடைந்த கப்பல்களின் சரக்கை மீட்பது, கடற்பஞ்சு எடுப்பது, சங்குச் சதையும் மீனும் பிடிப்பது ஆகியவை. கலங்கரை விளக்கங்கள் பெருகியபோது உடையும் கப்பல்கள் குறைந்தன. கடற்பஞ்சுத் தொழில் 1938–39இல் பரவிய கொள்ளைநோயால் பஹாமாஸ் முழுதும் வீழ்ந்தது.

இடையில் ஒரு திடீர் வருமானம் வந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பஹாமாஸில் மது சட்டபூர்வமானது. பிமினியில் சரக்கை இறக்கி, வேகப் படகுகளில் ஏற்றி, இரவோடு இரவாக மயாமிக்குக் கடத்தினார்கள். கடத்தலால் தீவுக்குக் கிடங்குகளும் படகுத்துறைகளும் கிடைத்தன. நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கத் தெரிந்த படகோட்டிகளும் உருவானார்கள். 1919இல் ஆர்தர் சாக் மயாமியிலிருந்து பிமினிக்குக் கடல் விமானங்களை இயக்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சேவை 2005 வரை நீடித்தது. 1920இல் திறக்கப்பட்ட பிமினி விரிகுடா தூண்டில்-துப்பாக்கி மன்றம் என்ற ஆடம்பர விடுதி 1926ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது. மதுவிலக்கு முடிந்ததும் கடத்தலும் நின்றது. துறைகளும் படகோட்டிகளும் மட்டும் மிஞ்சின. தூண்டில்காரர்கள் வந்து சேர்ந்தது அந்த வெற்றிடத்தில்.

மார்லின் காலம்

மார்லின், தமிழ்நாட்டு மீனவர்கள் மயில் மீன் என்று அழைக்கும் பாய்த்துடுப்பு மீனுக்கு உறவு. மேல்தாடை ஈட்டிபோல் நீண்டிருக்கும். அட்லாண்டிக் நீல மார்லினில் ஆண் மீன் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. பெண் மீன் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வளரும். ஆகவே விளையாட்டுக்காரர்கள் பெருமையோடு தொங்கவிட்ட மீன்கள் அநேகமாக எல்லாமே முட்டையிடும் பெண் மீன்கள்.

இந்த மீனைப் பிடிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மார்லின் பல வேளைகளில் இரையை முதலில் தன் ஈட்டியால் அடிக்கும். பிறகே திரும்பி வந்து விழுங்கும். அடித்த கணத்தில் நரம்பு இறுகினால் இரை விலகிப்போகும், மீனும் போய்விடும். டாமி கிஃபோர்டு என்ற கேப்டன் 1930களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். படகின் இருபுறமும் நீளமான மூங்கில் கம்புகளைச் சாய்வாக நிறுத்தி, நரம்பை அவற்றின் நுனியில் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துவைத்தார். மீன் அடித்ததும் கிளிப் விடுபடும். தளர்ந்த நரம்பு சில விநாடிகள் நீரில் கிடக்கும். அடிபட்டுச் செத்த மீன் என்று நம்பி மார்லின் இரையை வாயில் கவ்வும். கம்புகள் நரம்பைப் படகின் அலைச்சுவட்டுக்கு வெளியே தள்ளிவைத்ததால் இரையும் நீர்ப்பரப்பில் துள்ளிக்கொண்டு உயிருள்ளது போலத் தெரிந்தது. இன்று உலகில் ஓடும் பெருமீன் படகுகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கம்புகள் உண்டு. மூங்கிலின் இடத்தை அலுமினியம் பிடித்திருக்கிறது.

நரம்பு அப்போது லினன் நூலில் முறுக்கியது. ஒரு புரிக்கு மூன்று பவுண்டு வலிமை என்று கணக்கு. 39 புரி நரம்பு 117 பவுண்டு தாங்கும். ஈரம் பட்டால் வலுவாக இருக்கும், ஈரத்தோடு விட்டுவைத்தால் மக்கும். அதனால் ஒவ்வொரு மாலையும் சுருளியிலிருந்து முழு நரம்பையும் உருவி நன்னீரில் அலசிக் காயவைக்க வேண்டியிருந்தது. படகின் பின்தளத்தில் சுழலும் நாற்காலி, கோலின் அடியைத் தாங்கும் கிண்ணம், தோளோடு சுருளியைப் பிணைக்கும் வார் ஆகியவையும் இக்காலத்தில்தான் செம்மைப்பட்டன.

பிமினிக்குத் தெற்கே உள்ள கேட் கே என்ற சிறு தீவை 1931இல் விளம்பரத் தொழிலதிபர் லூயிஸ் வேஸி வாங்கி உறுப்பினர்களுக்கான மன்றமாக்கினார். பெண்களுக்கான ஆயத்த ஆடைக் கடைகளால் செல்வம் சேர்த்த மைக்கேல் லெர்னர், மனைவி ஹெலனுடன் பிமினியிலேயே வீடு கட்டிக்கொண்டார். 1935இல் எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே வந்தார்.

ஹெமிங்வேயின் 38 அடிப் படகு பிலார், 1934இல் புரூக்ளினில் கட்டப்பட்டது. கீ வெஸ்ட்டிலிருந்து பிமினிக்குக் கிளம்பிய முதல் பயணத்திலேயே, பிடித்த சுறாவைச் சுடப்போய்த் தன் கால்களையே சுட்டுக்கொண்டு பாதிவழியில் திரும்பினார். ஒரு வாரம் கழித்து மீண்டும் கிளம்பி வந்து சேர்ந்தார். 1937 வரை ஆண்டுதோறும் வந்தார். பிமினியில் அவருக்கு முன் வந்தவர்களின் பெரிய சிக்கல் சுறா. மணிக்கணக்கில் இழுத்துக் களைத்த மீனைப் படகருகே கொண்டுவரும்போது சுறாக்கள் பாதியைத் தின்றுவிடும். ஹெமிங்வே வேறு முறையைக் கையாண்டார்: தொடக்கத்திலிருந்தே முழு பலத்தோடு இழுத்து, மீனுக்கு ஓய்வே கொடுக்காமல், சுறா வாசனை பிடிப்பதற்குள் படகேற்றுவது. 1935இல் அவர் பிடித்த 381 பவுண்டு சூரை, அக்கடலில் சுறா வாய் படாமல் கரையேறிய முதல் பெரிய சூரை என்று பேசப்பட்டது.

அவருடைய பிமினி நாட்களைத் தீவு வேறுவிதமாகவும் நினைவில் வைத்துக்கொண்டது. 1935இல் படகுத்துறையில் பதிப்பாளர் ஜோசப் நேப்புடன் அவர் போட்ட குத்துச்சண்டையைத் தீவின் பாடகர்கள் கேலிப்பாட்டாகக் கட்டினார்கள். சண்டையில் வென்றவர் ஹெமிங்வேதான். அவர் தங்கி எழுதிய காம்ப்ளீட் ஆங்லர் விடுதி 2006 ஜனவரியில் தீக்கிரையானது. முதல் பகுதி பிமினியில் நடக்கும் அவரது நாவல் 1970இல், அவர் இறந்த பின் வெளிவந்தது.

பதிவேடும் ஆய்வுக்கூடமும்

பெருமீன் வேட்டை பரவப் பரவ இரண்டு கேள்விகள் எழுந்தன. பிடித்தது எந்த இனம்? யார் பிடித்தது உண்மையிலேயே பெரிது? மார்லின் இனங்களைப் பற்றி விலங்கியல் நூல்களிலேயே குழப்பம் நிலவிய காலம் அது. கரைக்கு வந்த முழு மீன்கள் அறிஞர்கள் கையில் கிடைப்பது அபூர்வம். 1934இல் பிலடெல்பியா அறிவியல் கழகத்தின் ஹென்றி ஃபவுலர் கியூபாவுக்கு வந்து ஹெமிங்வேயின் படகில் மீன்களை ஆராய்ந்தார். ஒரு சிறிய தேள்மீன் இனத்துக்கு எழுத்தாளரின் பெயரையே சூட்டினார். லெர்னர் இன்னும் பெரிய அளவில் இறங்கினார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகத் தன் செலவில் 1936இல் கனடாவின் கேப் பிரெட்டனுக்கும், 1937இல் பிமினிக்கும், 1939இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஆய்வுப் பயணங்கள் நடத்தினார். அறிஞர்கள் படகுத்துறையிலேயே மீன்களை அறுத்து அளந்து அச்செடுத்தார்கள்.

அந்தப் பயணங்களின் விளைவாக 1939 ஜூன் 7 அன்று அதே அருங்காட்சியகத்தில் சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் தொடங்கப்பட்டது. அருங்காட்சியக அறிஞர் வில்லியம் கிங் கிரிகரி முதல் தலைவர். பின்னர் லெர்னர் நீண்ட காலம் தலைவராக இருந்தார். ஹெமிங்வே 1940 முதல் துணைத் தலைவர். நரம்பின் வலிமைக்கேற்பத் தனித்தனி வகுப்புகள், நரம்பின் மாதிரியை அனுப்பிச் சோதிக்கும் கட்டாயம், கோலை வேறொருவர் தொட்டால் பதிவு செல்லாது, சுறா கடித்த மீன் செல்லாது என்ற விதிகள் உலகப் பொதுவாயின. பிமினியின் சுறாத் தொல்லை இப்படி ஒரு சட்டப்பிரிவாகவே நிலைத்துவிட்டது. 1948இல் லெர்னரின் முயற்சியால் வட பிமினியில் அருங்காட்சியகத்தின் கடல் ஆய்வுக்கூடம் ஒன்று செயல்படத் தொடங்கியது. சுறாக்களின் உணர்வுகள் குறித்த ஆய்வுகள் அங்கே நடந்தன. 1970களின் நடுவில் அது மூடப்பட்டது.

சூரை வழியும் புதிய படகுகளும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிமினியின் புகழ் மார்லினைவிடச் சூரையால் வளர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிட்ட நீலத்துடுப்புச் சூரைகள் மே, ஜூன் மாதங்களில் வடக்கே குளிர்ந்த நீருக்குத் திரும்பும். வழியில் பஹாமா திட்டின் மேற்கு விளிம்பை ஒட்டி, வெண்மணல் தரையின் மேல் கூட்டம் கூட்டமாக நீந்தும். 200, 300 கிலோ மீன்கள் கரும் நிழல்களாகக் கண்ணுக்குத் தெரியும். கேட் கேயிலும் பிமினியிலும் இந்தப் பருவத்துக்கென்றே போட்டிகள் நடந்தன.

கண்ணால் பார்த்துப் பிடிக்கும் இந்த முறைக்குப் பழைய படகுகள் போதவில்லை. கூட்டத்தைத் தொலைவிலேயே காண உயரம் வேண்டும். கண்டதும் முந்திச்சென்று இரையைக் குறுக்கே விட வேகம் வேண்டும். மீன் ஆழத்துக்கு ஓடினால் சட்டென்று திரும்ப வேண்டும். புளோரிடாவின் ரிபோவிச் குடும்பத்தார் 1947இல் தூண்டில் விளையாட்டுக்கென்றே வடிவமைத்த முதல் படகைக் கட்டினார்கள். உச்சியில் நின்று படகைச் செலுத்தும் அலுமினியக் கோபுரமும் விரைவில் வந்தது. 1960இல் மயாமி–நசாவு படகுப் போட்டியில், ஆழமான வி வடிவ அடித்தளம் கொண்ட மோப்பி என்ற 31 அடிப் படகு கொந்தளித்த கடலில் வென்றது. வாடைக்காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில் கல்ஃப் நீரோட்டத்தில் செங்குத்தான அலைகள் எழும். தட்டையடிப் படகுகள் அதில் அடிபட்டு மெதுவாகத்தான் போகமுடியும். மோப்பியை அச்சாகக் கொண்டு ஃபைபர் கண்ணாடியில் வந்த பெர்ட்ராம் படகுகள், நடுத்தர வசதியுள்ள மயாமிக்காரரும் வார இறுதியில் பிமினி போய்வர வழி திறந்தன.

அரசியலும் உதவியது. ஹவானா அதுவரை பெருமீன் விளையாட்டின் மற்றொரு தலைநகர். 1950இல் தொடங்கிய ஹெமிங்வே போட்டியில் 1960ஆம் ஆண்டு பரிசு வாங்கியவர் ஃபிடல் காஸ்ட்ரோ. அடுத்த ஆண்டு அமெரிக்கா கியூபாவுடன் உறவை முறித்தது. விருந்தினர்கள் பஹாமாஸ் பக்கம் திரும்பினர். குளிர்காலத்துக்கு மட்டும் வரும் பயணிகளை ஆண்டு முழுதும் வரச்செய்யப் பஹாமாஸ் வளர்ச்சி வாரியம் ஏற்கெனவே விளம்பரங்களில் முனைந்திருந்தது.

மற்றக் கடல்களிலும் தூண்டில் தீவுகள் எழுந்தன. ஜேன் கிரே 1930இல் தாஹித்தியில் 1,040 பவுண்டு மார்லினைப் பிடித்திருந்தார். கோலால் பிடிக்கப்பட்ட ஆயிரம் பவுண்டு மீன்களில் அது முதலாவது. சுறா கடித்த மீன் அது. பிந்தைய விதிப்படி பதிவாகாது. ஹவாயின் கோனாவில் ஹென்றி சீ என்ற கேப்டன் மதுக்கோப்பைகளை அச்சாக்கிப் பிசின் வார்த்துச் செய்த பொய்யிரைகள் இறந்த மீனை இரையாக்கும் பழக்கத்தையே மாற்றின. 1959 முதல் அங்கே சர்வதேசப் போட்டி நடக்கிறது. 1960களில் கன்னித் தீவுகளின் செயின்ட் தாமசும், ஆஸ்திரேலியப் பவளத்திட்டின் லிசார்டு தீவுக் கடலும், இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸும் பெயர் பெற்றன. பெருமீனுக்குப் பிமினிதான் என்றிருந்த நிலை அத்தோடு மாறியது.

கிழக்குக் கடலின் எழுச்சி

பிமினியின் கிழக்குப் பக்கத்து ஆழமற்ற நீரில் வாழும் போன்ஃபிஷ் இரண்டு மூன்று கிலோ எடைதான் இருக்கும். உடல் முழுதும் வெள்ளிச் செதில். மணலின் மேல் நின்றால் மீன் தெரியாது, அதன் நிழல்தான் தெரியும். கடல் ஏற்றத்தோடு கண்டல் வேர்களை நோக்கி வந்து, தலையை மணலில் புதைத்து நண்டும் இறாலும் தோண்டும்போது வால் நுனி நீருக்கு மேலே எட்டிப் பார்க்கும். முள் பட்டதும் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு போகும். தீவுவாசிகளுக்கு அது வலையால் பிடித்துச் சமைக்கும் சாதாரண மீன். முட்கள் அதிகம் என்பதால் வெளியூர் விருந்தினர் உண்ண விரும்பாத மீன். விளையாட்டுக்கு அது வந்ததும் பிடித்து விடுவிக்கும் வழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ள இந்தக் குணமே காரணம்.

ஆழ்கடல் படகு பெரும் முதலீடு. அதன் கேப்டன்கள் தொடக்க காலத்தில் பெரும்பாலும் அமெரிக்கர்கள். பஹாமியர்கள் இரை கட்டவும் மீனைத் தூக்கவும் உதவியாளராக இருந்தார்கள். ஆழமற்ற கடலில் நிலைமை தலைகீழ். அங்கே தேவை ஒரு சிறிய தட்டைப்படகு, ஒரு தாங்குகோல், ஏற்ற இறக்கத்தையும் மீனின் மேய்ச்சலையும் அறிந்த கண். அது மூன்றும் தீவுக்காரரிடம் இருந்தன. பிமினியின் ஆன்சில் சாண்டர்ஸ் தானே படகு கட்டி, தானே வழிகாட்டியாகி, இதில் பெரும்பெயர் எடுத்தார். 1971இல் அவருடைய படகில் பிடிபட்ட 16 பவுண்டு போன்ஃபிஷ் அதன் நரம்பு வகுப்பில் உலகச் சாதனை. 1964இல் மார்ட்டின் லூதர் கிங் தமது நோபல் பரிசு ஏற்புரையை எழுத அமைதி தேடி வந்தபோது, அவரைக் கண்டல் காட்டுக்குள் அழைத்துச் சென்றவரும் இவரே.

மற்றத் தீவுகளில் இத்தொழில் விடுதிகளைச் சுற்றி வளர்ந்தது. கிராண்ட் பஹாமாவின் கிழக்கு முனையில் 1958இல் கில் டிரேக்கும் எழுத்தாளர் ஏ. ஜே. மெக்லேனும் தொடங்கிய டீப் வாட்டர் கே மன்றம் போன்ஃபிஷுக்கென்றே அமைந்த விடுதி. ஆண்ட்ரோஸ் தீவின் வழிகாட்டி சார்லி ஸ்மித்தின் பெயரில் 1977இல் பாப் நாவ்ஹைம் கட்டிய இறகு இரை, வெப்பமண்டல ஆழமற்ற கடல்களில் தூண்டில் போடுபவர்களின் பெட்டியில் தவறாமல் இடம்பெற்றது. 1980களில் பசிபிக்கின் கிரிட்டிமட்டி, அதன் பின் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் என இந்த விடுமுறையும் உலகைச் சுற்றியது.

குறைந்த மீனும் மாறிய வழக்கமும்

பிமினியின் பழைய புகைப்படங்களில் எடைக் கம்பத்தில் மீன் தலைகீழாகத் தொங்கும். பக்கத்தில் கோலோடு விருந்தினர் நிற்பார். எடை போட்டால்தான் பதிவு. எடை போட மீன் சாக வேண்டும். ஆனால் மீன்வளம் சரியக் காரணம் இந்தக் கம்பங்கள் மட்டும் அல்ல. 1956 முதல் ஜப்பானிய நீள்கயிற்றுக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் தொழில் செய்யத் தொடங்கின. பல்லாயிரம் மீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களை மாட்டி விடும் இம்முறை, சூரையைத் தேடினாலும் மார்லினையும் சேர்த்தே கொன்றது. அமெரிக்க வடகரையில் சுருக்குவலைக் கப்பல்கள் இளஞ்சூரைகளை அள்ளின. அட்லாண்டிக் சூரைகளைக் காக்க 1966இல் ரியோ டி ஜெனிரோவில் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. மேற்கு அட்லாண்டிக்கில் பிடிக்கான கடுமையான வரம்பு 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்குள் பிமினியின் சூரை வழி வெறிச்சோடிவிட்டது.

விளையாட்டுக்குள் மாற்றம் மெதுவாக வந்தது. 1954இல் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தின் ஃபிராங்க் மேதர், மீனைக் கொல்லாமல் அடையாளச் சீட்டுக் குத்தி விடும்படி தூண்டில்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கினார். அமெரிக்காவின் டெலவேர் கடலில் சீட்டு குத்தி விடப்பட்ட ஒரு நீல மார்லின் பின்னாளில் மொரீஷியஸ் அருகே பிடிபட்டது. ஒரு நாட்டின் சட்டம் மட்டும் இந்த மீனைக் காக்காது என்பதற்கு இது போதுமான சான்று. 1986இல் மார்லின் இனங்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை அமைந்தது. 1988இல் அமெரிக்கா அட்லாண்டிக் மார்லின் விற்பனையைத் தடைசெய்தது. பழைய முட்கள் வயிற்றிலோ செவுளிலோ மாட்டி, விட்ட மீனும் சாகக் காரணமாயின. வட்ட முள் பெரும்பாலும் வாய் ஓரத்தில் மட்டுமே மாட்டும். இயற்கை இரை பயன்படுத்தும் அமெரிக்க அட்லாண்டிக் மார்லின் போட்டிகளில் 2008 முதல் வட்ட முள் கட்டாயம். போட்டிகளில் எடைக்குப் பதில் விடுவித்த மீன்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி தரும் முறை பரவியது.

1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்ற பஹாமாஸ், தன் கடலைப் பற்றிச் சில உறுதியான முடிவுகள் எடுத்தது. 1993இல் நீள்கயிற்று மீன்பிடிப்பைத் தடைசெய்தது. 2011இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் காப்பகமாக அறிவித்தது. ஒருகாலத்தில் தூண்டில்காரர்கள் துப்பாக்கியால் சுட்ட சுறாவைப் பார்க்கவே இப்போது பயணிகள் காசு கொடுத்து வருகிறார்கள். 1990இல் சாமுவேல் குரூபர் தென் பிமினியில் நிறுவிய ஆய்வு நிலையம் எலுமிச்சைச் சுறாக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்துவருகிறது. போன்ஃபிஷை வலையால் பிடிப்பதும் வாங்கி விற்பதும் சட்டவிரோதம். 2010இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, ஆழமற்ற கடல் தூண்டில் விருந்தினரால் நாட்டுக்கு ஆண்டுக்கு 14.1 கோடி டாலர் வருவதாக மதிப்பிட்டது. 2017 முதல் அந்தக் கடலில் தூண்டில் போட வெளிநாட்டவர் உரிமம் பெற வேண்டும்.

இப்போதைய நெருக்கடி தூண்டிலால் வருவதல்ல. போன்ஃபிஷ் முட்டையிடுவதற்குத் திட்டை விட்டு வெளியேறி, இரவில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகிறது என்பது அண்மை ஆண்டுகளில்தான் தெரியவந்தது. அதற்குத் திட்டும் வேண்டும், விளிம்பும் வேண்டும், குஞ்சுகளுக்குக் கண்டலும் வேண்டும். வட பிமினியில் பெரிய விடுதி ஒன்றைக் கட்டக் கண்டல் வெட்டப்பட்டு நீர்வழிகள் தூர்வாரப்பட்டன. 2019 செப்டம்பரில் டோரியன் புயல் அபாகோவிலும் கிராண்ட் பஹாமாவிலும் கண்டல் காடுகளைப் பரவலாக அழித்தது. வழிகாட்டிகளும் மாணவர்களும் கன்று நட்டு வளர்க்கும் பணி அதன் பிறகு தொடங்கியது. பிமினியின் முதல் விளையாட்டு, பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பெயர் வாங்கியது; அதற்குத் தேவைப்பட்டது கடலில் மீன் இருப்பது மட்டும். இரண்டாவது விளையாட்டில் அதே மீன் மறுநாளும் இன்னொருவர் தூண்டிலுக்கு வர வேண்டும். ஆகவே மீன் வாழும் திட்டும் கண்டலும் நீர்வழியும் வழிகாட்டிகளின் பிழைப்போடு பிணைந்துவிட்டன. கட்டுமான அனுமதிகளைப் பற்றிய பொது விவாதங்களில் இன்று தூண்டில் வழிகாட்டிகளின் சங்கமும் ஒரு தரப்பாகப் பேசுவது அதனால்தான்.